கடைசியில் போட்ட வானம்

போலீஸ் வேனின் பின்கதவு திறந்ததுதான் தாமதம், முதல் செங்கல் பறந்து வந்தது.

கைதாகி, மருத்துவப் பரிசோதனைக்காக வந்து இறங்கிய எலெக்ட்ரீஷியனுக்குக் குனியக்கூட நேரமில்லை. தோளில் வாங்கினான். இரண்டு கான்ஸ்டபிள்களும் அவனை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் படியேறுவதற்குள் கூட்டம் குறுக்கே புகுந்துவிட்டது. ஒருவன் தலைமுடியைப் பிடித்தான். ஒருவன் வயிற்றில் எட்டி உதைத்தான். கீழே விழுந்தவனின் வலது கையை இன்னொருவன் செருப்புக் காலால் மிதித்துத் திருகினான். விரல் ஒடிந்த சத்தம் அந்தக் கூச்சலிலும் தெளிவாகக் கேட்டது. ஊரே சேர்ந்து ஒருவனை அடிக்கும்போது யாருக்கும் கை வலிப்பதில்லை.

ஒட்டடை அந்தக் கூட்டத்துக்குள் பாய்ந்தான். ஒட்டடைக் கம்பு மாதிரி நெடுநெடுவென்று வளர்ந்ததற்கு ஊர் கொடுத்த பட்டம் அது. வீட்டில் வைத்த பெயர் அவனுக்கே எப்போதாவதுதான் ஞாபகம் வரும். ஒரு சின்னத் துப்பறியும் நிலையத்தில் உதவியாள். சண்டைக்கு லாயக்கில்லாத உடம்பு. வாய் மட்டும் எந்தச் சண்டைக்கும் தயார்.

"ஐயா, எல்லாரும் வரிசையில வாங்க! டோக்கன் வாங்கிட்டு அடிங்க!"

யாருடையதென்று தெரியாத ஒரு முஷ்டி அவன் தாடையில் இறங்கியது. டோக்கன் வாங்காத முஷ்டி. வாய் முழுக்க உப்புக் கரித்தது.

அப்போது போலீஸ் வேன் தானாகவே பின்னால் நகர ஆரம்பித்தது. சைரன் காதைக் கிழித்தது. வேன் நிற்கிற மாதிரித் தெரியவில்லை என்றதும் வீரர்கள் எல்லோரும் இரண்டு பக்கமும் சிதறினார்கள். டிரைவர் சீட்டில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஐம்பதைத் தாண்டிய வயது, காதோரம் நரை, மூக்கு நுனியில் கண்ணாடி. துப்பறியும் நிலையத்தின் முதலாளி. யார் பேசினாலும் பாதியில் வெட்டிவிடுவாள் என்பதால் ஊரில் அவளுக்குக் கத்தரி என்று பெயர். ஒட்டடைக்கு மட்டும் அக்கா.

"தூக்குடா அந்த ஆளை. வாயைப் பார்த்துக்கிட்டு நிக்காதே."

"என் வாயைத்தாங்க்கா எல்லாரும் பார்த்தாங்க" என்றபடி ஒட்டடை எலெக்ட்ரீஷியனைத் தோளில் சாய்த்து உள்ளே இழுத்துப் போனான். அந்த மனிதன் வலியில் முனகவில்லை. ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். "வீட்டுல அவளும் பாப்பாவும் தனியா இருக்காங்க சார். அங்கயும் ஆளுங்க போயிருக்காங்க சார்."

அவன் மனைவிதான் கத்தரியிடம் இந்தக் கேஸைக் கொண்டுவந்தவள். இப்போது கதவைச் சாத்திக்கொண்டு குழந்தையோடு உள்ளே இருக்கிறாள். வெளியே கும்பல்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "நான் என்னம்மா பண்ணட்டும்? ஆறு பேர் தனித்தனியா உட்கார்ந்து வரைஞ்சிருக்காங்க. ஆறு படத்துலயும் பட்டன் கடை வாசல்ல சிவப்புச் சட்டை போட்டுக்கிட்டு ஒருத்தன் நிக்கிறான். இவன்கிட்ட சிவப்புச் சட்டை இருக்கு. கொலைக்கு முந்தின நாள் வயரிங் சரியில்லன்னு கடைக்காரர் இவன்கூடச் சண்டை போட்டிருக்காரு. இதுக்கு மேல என்ன வேணும்?"

போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது அது. தெருக்களில் உட்கார்ந்து வாட்டர் கலர் படம் போடும் குழு ஒன்று உண்டு. வாரா வாரம் ஒரு தெரு. அன்றைக்குப் பட்டன் கடைத் தெரு. எதிர் நடைபாதையில் ஸ்டூல் போட்டு அவர்கள் வரைந்துகொண்டிருந்தபோதே, பாதி இறக்கிய ஷட்டருக்குப் பின்னால் கடைக்காரரின் மண்டையை யாரோ உடைத்திருந்தார்கள். துணி பட்டன் அடிக்கிற இரும்பு அச்சாலேயே அடி. ஓர் அடியில்லை. ஆள் செத்த பிறகும் நிறுத்தாத அடி. செத்தவர் வேறு யாருமில்லை, குழுவை நடத்தும் மாஸ்டருடைய மச்சினர்; மாஸ்டரின் இறந்துபோன மனைவிக்குக் கூடப் பிறந்த அண்ணன். ஆறு படங்களையும் கண்ணீரோடு போலீசில் கொண்டுவந்து கொடுத்தவரும் மாஸ்டர்தான். அதில் ஒன்று பேப்பரில் வந்தது. அன்றிலிருந்துதான் ஊருக்கு வெறி பிடித்தது.

"கடைக்காரர் சாகறதுக்கு முன்னால உங்ககிட்ட ஏதாவது பேசினாரா?" கத்தரி கேட்டாள்.

"திங்கக்கிழமை வந்து பார்க்கணும்னு போன் பண்ணாரு. தங்கச்சி விஷயமாம். பாவம், அந்தம்மா போன வருஷம் மாடிப்படியில விழுந்து செத்துப்போச்சு. அந்தத் துக்கம் இன்னும்..."

"போதும். எலெக்ட்ரீஷியன் வீட்டு வாசல் கும்பலைக் கலைங்க."

"எதைச் சொல்லிக் கலைக்கறது? கொலைகாரன் இவன் இல்லன்னா வேற யாரு? அந்த ஆளைக் கொண்டுவந்து நிறுத்துங்க, நானே போறேன். வெறும் கையோட போனா என் ஆளுங்களையும் சேர்த்துப் போட்டு அடிப்பானுங்க."

கத்தரி ஒட்டடையைத் திரும்பிப் பார்த்தாள். "வாயைத் திற."

திறந்தான்.

"பல்லு ஆடுது. நல்லதாப் போச்சு."

"இதுல என்னக்கா நல்லது?"

"அந்தக் குழுவுல ஒரு பல் டாக்டரம்மா இருக்காங்க. ஏழாவது ஆள். அவங்க படம் மட்டும் போலீசுக்கு வரல. ஏன்னு கேக்கணும்."

---

பல் டாக்டரின் கிளினிக் அவள் வீட்டின் முன்னறைதான். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் ஒட்டடையின் தாடையைப் பார்த்ததும் கதவைத் திறந்துவிட்டாள். வாய் முழுக்கத் திறந்திருந்தும் ஒரு வார்த்தை பேச முடியாத நிலைமை ஒட்டடையின் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கத்தரி அந்த அமைதியை நன்றாகவே அனுபவித்தாள்.

"இன்னிக்கு நீங்க க்ளாசுக்குப் போகலையா, டாக்டர்?"

"மாஸ்டர் இனிமே வர வேணாம்னுட்டாரு. நான் சேர்ந்து ஒரு மாசம்தான் ஆச்சு. எனக்கு வரைய வரல." இடுக்கியை எடுத்தபடி அவள் சொன்னாள். "அன்னிக்கு நான் போட்ட படத்தைப் பார்த்துட்டு, இதைக் கிழிச்சுப் போட்டாத்தான் ஆச்சுன்னு நின்னாரு. அவர் கண்ணு முன்னால கிழிக்க மனசு வரல. வீட்டுல போய்க் கிழிச்சிடறேன்னேன்."

"கிழிச்சீங்களா?"

அவள் கொஞ்சம் வெட்கப்பட்டாள். "கிழிச்சுட்டேன்னு போன்ல பொய் சொல்லிட்டேன்." அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு அட்டையை உருவினாள்.

படம் சுமார்தான். கடைகள் சரிந்திருந்தன. ஜன்னல்கள் எல்லாம் தூங்கி வழிந்தன. ஆனால் பட்டன் கடை வாசல் வெறிச்சென்று இருந்தது.

"சிவப்புச் சட்டைக்காரன் எங்க?"

"அதான் எனக்கும் புரியல. நான் யாரையும் பார்க்கல. மத்த ஆறு பேரும் பார்த்திருக்காங்க. எனக்குத்தான் பார்க்கத் தெரியலன்னு நினைச்சுட்டேன்."

"வானம் ஏன் இப்படி இருக்கு? காலைலதானே வரைஞ்சீங்க?"

கூரைகளுக்கு மேலே நீலத்தோடு ஒரு அழுக்குப் பழுப்பு திட்டுத் திட்டாகக் காய்ந்திருந்தது.

"அதுக்குக் காரணம் மாஸ்டர்தான்!" அவள் குரலில் ஒரு வார எரிச்சல் இருந்தது. "நாங்க எல்லாரும் ரெண்டு டப்பா வச்சிருப்போம். ஒண்ணு பிரஷ் கழுவ, ஒண்ணு நல்ல தண்ணி. நல்ல தண்ணியை யாராவது கலக்கிட்டா அவர் தோலை உரிச்சிடுவாரு. அன்னிக்கு அவரே எங்கிருந்தோ வேகமா வந்து, என் நல்ல தண்ணியில ரெண்டு கையையும் விட்டு அலசிட்டுப் போயிட்டாரு. கையெல்லாம் சிவப்புப் பெயின்ட். யாரோட படத்தையோ திருத்தியிருப்பாருன்னு நினைச்சேன். வானம்னா எனக்குப் பயம், அதைக் கடைசியிலதான் போடுவேன். வேற தண்ணி இல்ல. அதையே தொட்டுப் போட்டேன். முதல்ல ரோஸா இருந்தது. காய்ஞ்சு இப்படி ஆயிடுச்சு."

பேசிக்கொண்டே பல்லைப் பிடுங்கிவிட்டாள். ஒட்டடை அலறினான், கொப்பளித்தான், பக்கத்திலிருந்த வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் துப்பினான்.

இளஞ்சிவப்புத் தண்ணீர் கிண்ணத்தில் சுழன்றது. விளிம்பில், கொஞ்ச நேரத்துக்கு முன் தெறித்த துளிகள் ஓரத்தில் பழுப்பாகக் காய ஆரம்பித்திருந்தன.

கத்தரி கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு படத்தைப் பார்த்தாள். டாக்டரும் அதே வரிசையில் பார்த்தாள். அவள் கையிலிருந்த இடுக்கி தரையில் விழுந்தது.

"ஐயோ... தினமும் நான் பார்க்கிற கலர்."

"படத்தை மடிக்காம எடுத்துட்டு வாங்க" என்றாள் கத்தரி. "க்ளாஸ் எங்க நடக்குது?"

போகிற வழியில் அவள் இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்து இரண்டே வரி பேசினாள். ஒட்டடை வாயில் பஞ்சோடு பின்சீட்டில் உட்கார்ந்து யோசித்தான். ரத்தக் கையோடு ஒருவன் தெருவில் நடந்து வந்து, எல்லோரும் பார்க்கக் கழுவிக்கொண்டு போயிருக்கிறான். சிவந்த தண்ணீரைப் பார்த்து யாரும் ஏன் என்று கேட்காத இடம் உலகத்திலேயே அந்த நடைபாதை ஒன்றுதான்.

---

அன்றைய வகுப்பு மரக்கடைகள் இருக்கும் சந்தில். கடைகள் மூடியிருந்தன. அடுக்கி வைத்த பலகைகளுக்கு எதிரே ஆறு பேரும் வரிசையாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மாஸ்டர் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு உலாவினார். நல்ல உயரம், வெளுத்த ஜிப்பா, சாந்தமான முகம். கத்தரியைப் பார்த்ததும் கும்பிட்டார். அவள் பின்னால் வந்த டாக்டரைப் பார்த்ததும் அந்தச் சாந்தம் கொஞ்சம் குறைந்தது.

கத்தரி நேராக முதல் ஸ்டூலில் இருந்த பேங்க் மேனேஜரிடம் போனாள். "சார், சிவப்புச் சட்டைக்காரனை உங்க கண்ணால பார்த்தீங்களா?"

மேனேஜர் விழித்தார். "கண்ணாலன்னா... நான் எப்பவும் ஒரு சிவப்பு ஆளை வைப்பேன். மாஸ்டர் சொல்லிக் குடுத்ததுதான். இருட்டும் வெளிச்சமும் சந்திக்கிற இடத்துல ஒரு சிவப்புப் புள்ளி வச்சா, பார்க்கிறவங்க கண்ணு நேரா அங்க போகும். அன்னிக்கு அந்தக் கடை வாசல்தான் இருட்டு."

"இதைப் போலீஸ்ல சொன்னீங்களா?"

"என்னோடது சும்மா வச்சதுதான். ஆனா மத்த அஞ்சு பேரும் வச்சிருந்தாங்களே! அவங்க நிஜமா பார்த்திருப்பாங்கன்னு..."

பக்கத்து ஸ்டூலில் பாட்டு டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டாள். "நானும் அப்படித்தான் நினைச்சேன்."

வரிசை நெடுக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆறு பேரும் மற்ற ஐந்து பேரை நம்பியிருந்தார்கள். இல்லாத ஒருவனை ஆறு பேர் சேர்ந்து உருவாக்கி, அந்தச் சட்டையை இருக்கிற ஒருவனுக்கு மாட்டிவிட்டிருந்தார்கள். காலையில் அந்த விரல் ஒடிந்த சத்தம் ஒட்டடையின் காதில் இன்னும் போகவில்லை. இந்த நல்ல மனிதர்கள் மேல் அவனுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"படிச்சவங்கதானே நீங்கள்ளாம்? ஒருத்தர்கூட வாயைத் திறக்கல? அந்தாளு கை போச்சு!"

கத்தரி விடவில்லை. "மாஸ்டர் அன்னிக்கு எங்க இருந்தாரு?"

"எங்ககூடத்தான்" என்றார் மேனேஜர். "டீச்சருக்குச் சொல்லிக் குடுத்துட்டு இருந்தாரு."

"எனக்கா? இல்லையே. கடைசியில இருந்தவங்களைப் பார்க்கப் போறேன்னாரு."

கடைசி ஸ்டூலில் இருந்த ரிடையர்டு தலைமை ஆசிரியர் மெல்லச் சொன்னார். "என்கிட்ட, மேனேஜரைப் பார்த்துட்டு வரேன்னாரு."

"பார்த்தீங்களா மாஸ்டர்?" கத்தரி திரும்பினாள். "நீங்க இன்னொருத்தர்கிட்ட இருக்கீங்கன்னு எல்லாரும் நினைச்சிருக்காங்க. யார் பக்கத்துலயும் நீங்க இல்ல. சிவப்புச் சட்டையே இல்லன்னு தெரிஞ்ச ஒரே ஆளும் நீங்கதான். அதைச் சொல்லிக் குடுத்தவரே நீங்கதானே? அப்புறம் ஏன் அதை சாட்சின்னு கொண்டுபோய்க் குடுத்தீங்க?"

மாஸ்டர் சிரித்தார். நன்றாகவே சிரித்தார். "அம்மா, மச்சானைப் பறிகொடுத்த துக்கத்துல எனக்கு என்ன தோணும்? ஆறு பேர் வரைஞ்சிருந்தா நம்பத்தானே செய்வேன்? வேற ஏதாவது இருந்தா காட்டுங்க. இல்லன்னா வெளிச்சம் போறதுக்குள்ள நாங்க வேலையைப் பார்க்கணும்."

கத்தரி தலையசைத்தாள். டாக்டர் அட்டையைத் திருப்பிக் காட்டினாள்.

"நான் இதைக் கிழிக்கல மாஸ்டர்."

சிரிப்பு நின்றது.

"சிவப்புப் பெயின்ட் ஒரு வாரத்துல பழுப்பாகுமா?" கத்தரி கேட்டாள். "மச்சான் தங்கச்சி விஷயமாப் போலீசுக்குப் போறேன்னாரு. உங்க மனைவி மாடிப்படியில தானா விழலன்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. அதனால அந்த ஞாயிறு அந்தத் தெருவைத் தேர்ந்தெடுத்தீங்க. பக்கத்துச் சந்து வழியா உள்ள போனீங்க. வேலையை முடிச்சுட்டு வந்து டாக்டர் டப்பாவுல கை கழுவினீங்க."

"டப்பாவுலயா? என் க்ளாஸ்ல நல்ல தண்ணியில யாரும் கை வைக்க மாட்டாங்க."

"நீங்கதான் மாஸ்டர் வச்சீங்க" என்றாள் டாக்டர். பயம் போய்க் கோபம் வந்திருந்தது. "அதுக்கப்புறம்தான் நான் வானமே போட்டேன்."

மாஸ்டரின் கழுத்து நரம்பு புடைத்தது. பல வருடங்கள் வாத்தியாராகவே வாழ்ந்த மனிதர். மாணவர்கள் செய்த எந்தத் தப்பையும் திட்டாமல் விட்டது கிடையாது.

"அதுக்கப்புறமா? வானத்தை முதல்ல போடு, முதல்ல போடுன்னு எத்தனை தடவைடி சொல்லியிருக்கேன்! ஒழுங்கா முதல்லயே போட்டுத் தொலைச்சிருந்தா அந்தத் தண்ணி பேப்பருக்கே வந்திருக்காதேடி!"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே கேட்டது.

அடுத்த கணம் அவர் படம் நிறுத்தும் ஈசல் ஸ்டாண்டை அப்படியே தூக்கி வீசினார். அதன் இரும்புக் கால் மேனேஜரின் நெற்றியைக் கிழித்தது. பேப்பர் வெட்டும் கத்தி எப்படி அவர் கைக்கு வந்தது என்று யாரும் பார்க்கவில்லை. டாக்டரின் கூந்தலைப் பிடித்து இழுத்து, படத்தோடு சேர்த்து அவள் முகத்தையும் கிழிக்க ஓங்கினார். ஒட்டடை தன் நீளக் கையைக் குறுக்கே கொடுத்தான். கத்தி முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கோடு இழுத்தது. ரத்தம் பீய்ச்சி ஜிப்பா முழுக்க அடித்தது. அவன் விடவில்லை. அந்தக் கையாலேயே மாஸ்டரின் கழுத்தை வளைத்துத் தொங்கினான். மாஸ்டர் அவனை மரப்பலகைகள் மேல் மோதினார். ஒரு தடவை, இன்னொரு தடவை. விலா எலும்பில் ஏதோ முறிந்தது.

"அக்கா! சீக்கிரம்! எனக்கு இன்னொரு பல்லு ஆடுது!"

கத்தரி அவசரப்படவில்லை. பாட்டு டீச்சரின் மடக்கு ஸ்டூலை எடுத்தாள். மடக்கினாள். இரண்டு கையாலும் ஓங்கி மாஸ்டரின் முழங்காலில் இறக்கினாள். கால் போகக்கூடாத பக்கம் மடங்கியது. அவர் அலறிக்கொண்டு விழுந்தார். கத்திக்குக் கை நீண்டபோது, அந்தக் கைமேல் ஸ்டூலோடு ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"அவளும் இப்படித்தான் என் எதிர்ல நின்னு பேசினா" என்றார் மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு. மண்ணும் ரத்தமும் அப்பிய அந்த வாயிலிருந்து வருத்தமாக ஒரு சொல் வரவில்லை. "அண்ணனும் தங்கச்சியும் ஒரே மாதிரி. வாயை மூட மாட்டாங்க."

சந்து முனையில் சைரன் கேட்டது.

---

இன்ஸ்பெக்டர் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். விலங்கு மாட்டிய மாஸ்டரை வேனில் வைத்தபடியே எலெக்ட்ரீஷியன் வீட்டுத் தெருவுக்குப் போய், மைக்கில் விஷயத்தைச் சொன்னார். கும்பல் கலைந்த வேகத்தைப் பார்த்தால் அங்கே கும்பலே இருந்ததில்லை என்றுதான் தோன்றும். ஜன்னல் கண்ணாடி ஒன்றுகூட மிச்சமில்லை. கதவின் கீழ்ப்பாதி பிளந்து தொங்கியது.

உள்ளே எலெக்ட்ரீஷியனின் மனைவி கட்டிலைத் தூக்கிக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தாள். குழந்தையை அலமாரிக்குள் உட்கார வைத்திருந்தாள். நெற்றியில் கல் பட்ட காயம். கத்தரி விஷயத்தைச் சொன்னபோது அவள் அழவில்லை.

"அவரு?"

"உயிருக்கு ஒண்ணுமில்ல. ஆனா வலது கை... பழைய மாதிரி வேலை செய்ய முடியுமான்னு டாக்டருங்களுக்கே தெரியல."

அவள் மெதுவாகத் தலையாட்டினாள். மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்து, கண்ணாடிச் சில்லுகளைப் பெருக்க ஆரம்பித்தாள். ஒட்டடை கட்டுப்போட்ட கையோடு பிளந்த கதவை நிமிர்த்திப் பார்த்தான்.

அப்போது வாசலில் ஒருவன் வந்து நின்றான். எதிர்வீட்டுக்காரன். வேட்டியை இறக்கிவிட்டு, முகத்தில் ஒரு சங்கடச் சிரிப்போடு தலையைச் சொறிந்தான்.

"தங்கச்சி... நடந்ததையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க. யாரோ சொன்னதை நம்பிட்டோம். அது வந்து, கல்லு பட்டு எங்க வீட்டு லைனும் அறுந்துபோச்சு போல. பேன் ஓடல. அண்ணன் எப்ப வருவாரு?"

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "கதவுல முதல் கல்லு உன்னோடதுதானே? ஜன்னல் வழியா நான் பார்த்தேன்."

"அது... எல்லாரும்..."

துடைப்பம் திரும்பியது. அடிக்கட்டை அவன் வாயிலேயே விழுந்தது. இரண்டாவது அடி காதில். மூன்றாவதில் படியிலிருந்து சரிந்து தெருவில் விழுந்தான். அவள் பின்னாலேயே இறங்கினாள். தெருவில் இருந்த அத்தனை கதவுகளும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தன. ஒருவரும் வெளியே வரவில்லை. அவன் "அம்மா, அம்மா" என்று கத்திக்கொண்டு புரண்டான். அவள் அடித்துக்கொண்டே இருந்தாள். இப்போதுதான் அழுதாள்.

ஒட்டடைக்குப் பொறுக்கவில்லை. விலக்கிவிட ஓரடி எடுத்து வைத்தான். பின்னாலிருந்து கத்தரி அவன் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினாள். யாரையும் பாதியில் வெட்டிப் பழகியவள்.

"இருடா" என்றாள். "அந்தம்மா முடிக்கட்டும்."